நினிவேயும் தாது வருஷமும்



இது நீளமான பதிவு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள். நான் உங்களுக்கு எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன்!

போன வாரம் நம்ம குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு குரல்பதிவு போட்டிருந்தான். யாரோ ஒரு பிரசங்கியார் பேசுகிறார். தூர தேசத்தில் நடக்கும் சண்டையைச் சொல்லி, "தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது, அந்த ஜாதிகள் மேல் தேவகோபம் இறங்கிவிட்டது" என்கிறார். குரலில் வருத்தம் இல்லை. ஒரு சந்தோஷம்தான் இருந்தது. கூடவே ஒரு படம். இடிந்த கட்டடம், அதன் முன்னால் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. கீழே வரிசையாக ஆமென், ஆமென் என்று பதினேழு பேர்.

நானும் எதையோ எழுத நினைத்து 'ஆ' என்று தட்டினேன். மீதியைப் போனே 'ஆமென்' என்று எடுத்துக் கொடுத்தது. அழித்துவிட்டு மூடி வைத்தேன்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். "என்ன மாமா, நீங்க ஒண்ணுமே போடலையே? உடம்புக்கு எதுவும் முடியலையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. எழுதுறேன்" என்றேன். இதுதான் அந்த எழுத்து. உனக்காக ஆரம்பித்தேன் மாப்ளே. ஆனால் இன்னும் இரண்டு பேருக்குச் சேர வேண்டியதும் இதில் இருக்கிறது. அதனால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

வேதம் படிக்காத என் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம். பழைய தமிழ் வேதாகமத்தில் 'ஜாதிகள்' என்றால் நாம் ஊரில் சொல்லும் சாதி இல்லை. தேசங்கள், இனங்கள் என்று அர்த்தம். எந்தத் தேசத்துக்கு என்ன தீர்ப்பு, எதற்கு இரக்கம், எதற்கு மீட்பு என்று தீர்க்கதரிசிகள் நிறையவே சொல்லியிருக்கிறார்கள். நான் சிறுவயதில் இதை நினிவேயிலிருந்தோ பாபிலோனிலிருந்தோ கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கற்றுக்கொண்டேன்.

என் அப்பத்தாவின் அம்மாவை நாங்கள் பூட்டி என்போம். நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு எட்டு வயது இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே. மானாவாரி கம்பும் சோளமும்தான் பிழைப்பு. மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் கோரிக் குடித்தார்களாம். புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றார்கள். எறும்புப் புற்றைக் கிண்டி, எறும்பு சேர்த்து வைத்த தானியத்தை எடுத்தார்கள். அதுவும் தீர்ந்த பிறகு ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

அப்பத்தா எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "ஆறு பேரு பொறப்பட்டாங்க. நாலு பேரு வந்து சேந்தாங்க." வழியில் போனவர்கள் பூட்டியின் பாட்டியும், மூன்று வயதுத் தம்பியும்.

வந்து சேர்ந்த இடத்தில் மிஷன்காரர்கள் கஞ்சி ஊற்றினார்கள். நம்ம பக்கம் மண்டபசாலையில் அமெரிக்க மிஷன் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பூட்டியின் குடும்பம் அப்படித்தான் வேதத்தில் சேர்ந்தது. "கஞ்சிக்கு வேதத்தில் சேர்ந்த கூட்டம்" என்று ஊரில் எங்களைக் கேலி பேசியதும் உண்டு. எனக்கு அதில் வெட்கம் இல்லை. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியவனின் சாமி யார் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும்போதெல்லாம் ஒரு பிரசங்கம் நடக்கும். தாது வருஷப் பஞ்சம் இந்தத் தேசத்தின் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை, அதிலிருந்து நம் முன்னோரை மட்டும் பிரித்தெடுத்து மீட்டார் என்று சொல்வார்கள். கேட்கும்போது எனக்கு மார்பு நிமிரும். நாம் மீட்கப்பட்ட கூட்டம்! அந்த இடத்தில் எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அப்பத்தா மட்டும் சொல்ல மாட்டார்கள். வாய் கொஞ்சம் கோணும், முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான். பிரசங்கத்தில் வந்து சேர்ந்த நாலு பேர்தான் கணக்கு. அப்பத்தாவின் கணக்கில் ஆறு பேர். இது எனக்குப் புரிய நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

நான் சமூக அறிவியல் வாத்தியார். தாது வருஷத்தை வகுப்பில் எப்படி நடத்துவேன் என்று பழைய பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். பாடப்புத்தகத்தில் நாலு வரிதான். நான் இரண்டு பீரியட் எடுப்பேன்.

1876-ல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணம் வரை பஞ்சம் பரவி 1878 வரை நீடித்தது. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். நம்ம பகுதி அப்போது மதுரை ஜில்லா, ராமநாதபுரம் ஜமீன். தூத்துக்குடி வரை ரயில் வந்துவிட்டது. தந்தி இருந்தது. இந்தியா முழுவதும் தானியமே இல்லாமல் போகவில்லை. அந்த வருஷங்களில் இங்கிருந்து கப்பலில் கோதுமை ஏற்றுமதியும் ஆனது. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. விலை ஏற ஏறத் தானியம் வாங்குகிறவனைத் தேடிப் போயிற்று. பசித்தவனைத் தேடி வரவில்லை.

1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அதே மாதத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் நம்ம கணக்கில் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு வெயிலில் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதில் மனிதன் உயிரோடு இருக்க முடியாது என்று விடாமல் எழுதினார். அந்தப் போராட்டத்தில் கூலி கொஞ்சம் உயர்ந்தது. லண்டன் மேயர் நிதி திரட்டினார், சாதாரண ஜனங்களும் காசு கொடுத்தார்கள். இங்கிருந்து பல்லாயிரம் பேர் கால்நடையாகக் கடற்கரைக்குப் போய், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். பிறகு பஞ்சக் கமிஷன் உட்கார்ந்தது, பஞ்ச விதிகள் வந்தன. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. மேலூர் பக்கம் பச்சையானது. நம்ம குண்டாற்றுக்கு அது வரவில்லை.

இதையெல்லாம் தேதியோடு, கணக்கோடு நடத்துவேன். ஆனால் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கத்தையும், திங்கட்கிழமை வகுப்பில் நடத்திய பாடத்தையும் ஒன்றாக வைத்து நான் பார்த்ததே இல்லை. இரண்டுக்கும் வேறு வேறு நோட்டு.

1980-களில் ஒரு வறட்சி வருஷம். எட்டாம் வகுப்பு. அதில் ஒரு பெண் பிள்ளை. பெயர் சொல்லவில்லை, வாசித்தால் அதுவே தெரிந்துகொள்ளும். ராத்திரி முழுவதும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிவிட்டு, விரல் நுனியில் பசை காய்ந்து கிடக்க, மத்தியானப் பீரியடில் தூங்கி விழும். அன்றைக்குத் தூங்கவில்லை. தாது வருஷப் பாடத்தை முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து நின்றது.

"சார், எங்க தெருவுல ஒருத்தர் சொன்னாரு, மழை இல்லாம போறது நம்ம செஞ்ச பாவத்துக்குத்தானாம். அப்ப அந்தப் பஞ்சத்துல செத்த பிள்ளைங்க எல்லாம் பாவம் செஞ்சவங்களா சார்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. "பாடத்துல இல்லாததக் கேக்கக் கூடாது. உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பிள்ளை என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை.

அதே வருஷம், அதே வகுப்பு. ஒரு பையன் ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. அவன் வீட்டில் விதைத்தது முளைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் கரிமூட்டம் போடும் இடத்தில் சீமைக்கருவேலம் வெட்டப் போய்விட்டார்கள். பையனும் கூடவே போயிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆ' போட்டிருக்கிறது என்பதுதான்.

ஒரு நாள் காலையில் வகுப்பு வாசலில் வந்து நின்றான். கை, கால், சட்டை எல்லாம் கரி. உள்ளே வரலாமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நான் நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். "நீ எல்லாம் உருப்படவே மாட்டேடா. எழுதி வச்சுக்கோ."

அவன் திரும்பிப் போனான். மறுநாள் வரவில்லை. அடுத்த மாதம் சிவப்பு மையில் அவன் பெயரை அடித்தேன். ஏஜெண்ட் ஒருவர் முன்பணம் கொடுத்து, முறுக்குக் கம்பெனி வேலைக்கு வடக்கே கூட்டிப் போய்விட்டதாகப் பையன்கள் சொன்னார்கள்.

"எழுதி வச்சுக்கோ" என்றேன் பாருங்கள். அதுதான் தீர்க்கதரிசியின் தோரணை. வாத்தியார்கள் நிறையப் பேருக்கு அது உண்டு.

அந்தப் பெண் பிள்ளையின் கேள்வி என்னை விடவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு, யாருடைய பிரசங்கமும் இல்லாமல், நானே தீர்க்கதரிசிகளை முதலிலிருந்து வாசித்தேன். முதலில் ஆமோஸ். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு. தெக்கோவா என்ற ஊர்க்காரர். வனாந்தரத்தின் ஓரத்தில் இருக்கும் வறண்ட ஊர். ஆடு மாடு மேய்ப்பதும் காட்டத்தி மரங்களைப் பார்ப்பதும் தொழில். நம்ம பக்கம் கிடை போடுகிறவர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூகோள வாத்தியார் புத்தி போகுமா? அவர் தீர்ப்புச் சொல்லும் தேசங்களை ஒரு தாளில் வரைபடமாகப் போட்டேன். வடகிழக்கே தமஸ்கு. தென்மேற்கே காசா. வடமேற்கே தீரு. தென்கிழக்கே ஏதோம். கிழக்கே அம்மோன், மோவாப். பிறகு தெற்கே யூதா. புள்ளிகளைப் பார்த்தால் சுற்றி ஒரு வளையம். நடுவில் இஸ்ரவேல். அவர் பேசிக்கொண்டிருப்பதே அங்கே நின்றுதான். ஒவ்வொரு எதிரி தேசத்துக்கும் தீர்ப்புச் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் நம்ம வாட்ஸ்அப் குழு மாதிரி ஆமென் போட்டிருப்பார்கள். கடைசியில் விரலைத் திருப்பி, "இனி உங்கள் கதைக்கு வருவோம்" என்கிறார். கூடுதலாகப் பேசுவதும் அவர்களைப் பற்றித்தான்.

அவர் அடுக்கும் குற்றங்களையும் எழுதிப் பார்த்தேன். யாரும் வேறு சாமி கும்பிட்டார்கள் என்று அந்நிய தேசங்கள் மேல் வழக்கு இல்லை. ஊர் ஊராக ஜனங்களைப் பிடித்து அடிமையாக விற்றது. எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளைக் கொன்றது. மோவாபியர் ஏதோம் ராஜாவின் எலும்பைச் சுண்ணாம்பாக நீற்றிய குற்றமும் இருக்கிறது. இது இரண்டு அந்நிய தேசங்களுக்கு நடுவே நடந்தது. இஸ்ரவேலுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அதையும் கடவுள் கணக்கில் வைத்திருக்கிறார்! சொந்த ஜனத்தின் மேல் என்ன வழக்கு? ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்றது. படியைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கியது. பதரைத் தானியம் என்று விற்றது. பஞ்சத்தில் நெல் பதுக்கியவனை அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மழை நின்றதைக் கடவுளின் எச்சரிக்கை என்று ஆமோசும் சொல்கிறார். நான் அதை மறைக்கவில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறார்? தந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு கிண்ணம் கிண்ணமாகத் திராட்சரசம் குடிக்கிறவர்களிடம். ஊற்றுத் தோண்டி கொட்டாங்கச்சியில் தண்ணீர் கோருகிறவர்களிடம் இல்லை. எங்கள் சபைப் பிரசங்கம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டியது. அந்தக் கடிதம் டெல்லி தர்பாருக்கும் தானியக் கிட்டங்கிக்கும் போக வேண்டியது. கொண்டுவந்து பூட்டி வீட்டில் கொடுத்துவிட்டார்கள்.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனம் திருந்தச் சொன்னார்.

யோசித்துப் பார்த்தால் இதை நம்ம ஊர்க் கிழவிகள் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். நல்லதங்காள் கதை தெரியாத வீடு நம்ம ஜில்லாவில் இல்லை. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தாள். இந்தக் கதையைச் சொல்கிற எந்தக் கிழவியாவது, நல்லதங்காள் செய்த பாவத்துக்குத்தான் பஞ்சம் வந்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? திட்டு முழுவதும் கதவைச் சாத்தியவளுக்குத்தான். அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருப்பது நல்லதங்காளுக்குத்தான். மதுரையில் குஞ்சரம்மாள் என்ற தாசி, தாது வருஷத்தில் தன் சொத்து நகையெல்லாம் விற்றுக் கஞ்சித் தொட்டி வைத்தாள் என்றும் சொல்வார்கள். ஊர் யாரைப் பாவி என்று ஒதுக்கி வைத்திருந்ததோ, அவள் வீட்டு வாசலில்தான் ஊர் வரிசையில் நின்றது.

அடுத்து யோனா. முஸ்லிம் பிள்ளைகளுக்கு யூனுஸ் நபி என்று தெரியும். யூதர்கள் தங்கள் பாவநிவாரண நாளில் பிற்பகல் தொழுகையில் இந்தக் கதையைத்தான் முழுக்க வாசிக்கிறார்கள். எல்லோரும் மீனை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். கதை மீனில் இல்லை.

நினிவே அசீரியாவின் பெரிய நகரம். இப்போதைய இராக்கில், மோசுலுக்கு எதிர்க்கரையில் அந்த இடம் இருக்கிறது. அசீரியா இஸ்ரவேலை நசுக்கிய வல்லரசு. அங்கே போய், நாற்பது நாளில் நகரம் அழியும் என்று சொல்லும்படி யோனாவுக்குக் கட்டளை. முதலில் எதிர்த் திசையில் கப்பல் ஏறினார். பிறகு போய்ச் சொன்னார். ஜனங்கள் கேட்டார்கள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஆடு மாடுகூட உபவாசம். கடவுள் மனமிரங்கி நகரத்தை விட்டுவிட்டார்.

யோனாவுக்கு வந்ததே கோபம்! தான் சொன்னது பலிக்கவில்லை. ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு, இப்போதாவது அழியுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நிழலுக்கு ஒரு செடி முளைத்தது. நம்ம தமிழ் வேதாகமத்தில் அதை ஆமணக்கு என்று போட்டிருக்கிறது. நம்ம புஞ்சை வரப்பில் நிற்கிற அதே ஆமணக்கு. மறுநாள் பூச்சி அரித்துச் செடி பட்டுப்போனது. அனல் காற்று அடித்தது. அவருக்கு அது கீழ்க்காற்று, நமக்கு என்றால் ஆடி மாத மேல்காற்று. செத்தால் தேவலை என்றார் யோனா. அப்போது கடவுள் கேட்டதன் சாரம் இதுதான். நீ நடவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை, ஒரு செடிக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாய். வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களும், அத்தனை ஆடு மாடுகளும் இருக்கும் ஊருக்காக நான் வருத்தப்படக் கூடாதா?

அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று இல்லை.

வலது கை இடது கை தெரியாதவர்கள் யார்? குழந்தைகள் என்று நிறையப் பேர் விளக்கம் சொல்கிறார்கள். எனக்குப் பூட்டியின் மூன்று வயதுத் தம்பி ஞாபகம் வந்தான். அப்பத்தா ஆமென் சொல்லாத காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒன்று கவனித்தீர்களா? அழியும் என்று சொன்னது அழியாமல் இருப்பதற்காகத்தான் சொல்லப்பட்டது. எரேமியா குயவன் வீட்டுக்குப் போன கதையும் இதேதான். மானாமதுரையில் பானை வனைவதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். மண் கோணினால் குயவர் அதைத் தூக்கி எறிவதில்லை, அதே மண்ணைத் திரும்பத் திரிகையில் வைக்கிறார். ஒரு தேசத்துக்கு அழிவு என்று சொன்ன பிறகும், அது திருந்தினால் தீர்ப்பு மாறும் என்று எரேமியா வெளிப்படையாகச் சொல்கிறார். ஏசாயா ஒரு படி மேலே போய், எகிப்தும் அசீரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்தே ஆசீர்வாதம் பெறும் ஒரு நாளைச் சொல்கிறார். மூன்றும் ஜென்மப் பகையாளிகள். நினிவே பிற்காலத்தில், கி.மு. 612-ல் அழிந்தது உண்மைதான். நாகூம் என்ற தீர்க்கதரிசி அதைக் கடுமையாகவே பாடியிருக்கிறார். அந்தக் கடுமை நசுக்கப்பட்டவனின் கடுமை. அது எனக்குப் புரிகிறது. சோபாவில் உட்கார்ந்து செல்போனில் ஆமென் போடுகிறவனுக்கு அந்தக் கடுமையைக் கடன் வாங்கும் உரிமை இல்லை.

திருச்சுழிக்கு அந்தப் பெயர் வந்த கதையை எங்கள் பள்ளித் தமிழய்யா அடிக்கடி சொல்வார். பிரளய வெள்ளம் ஊரை அழிக்க வந்தபோது, சிவபெருமான் சூலத்தால் குத்தி, வெள்ளத்தைச் சுழித்துப் பூமிக்குள் இறக்கிவிட்டாராம். "உங்க நோவாவுக்குக் கப்பல், எங்களுக்குச் சுழி" என்று சிரிப்பார். "தண்ணியே இல்லாத ஊருக்கு வெள்ளத்துல தப்பிச்ச கதை" என்று நானும் கேலி பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் அதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அழிவு வந்து வாசலில் நின்ற பிறகும் திருப்பப்படலாம் என்று நம்பி, அதையே ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்ட ஜனங்கள் நாம்.

இனி அந்தப் பையன் கதை.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம் வாசலில் கார் நின்றது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. நரைத்த மீசை. "சார், அடையாளம் தெரியுதா?" எனக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்னான். சிவப்பு மையில் அடித்த பெயர் உடனே ஞாபகம் வந்தது.

முறுக்குக் கம்பெனியில் அடி வாங்கி, அடுப்பில் வெந்து, ஓடிப்போய், வேறு இடத்தில் சேர்ந்து, கடைசியில் மகாராஷ்டிராவில் சொந்தமாகப் பலகாரத் தொழில். பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், அருப்புக்கோட்டையில்தான்.

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்ட முதல் நொடியில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது. நான் சொன்னது பலிக்கவில்லையே! ஒரு நொடிதான். பிறகு என் மேலேயே அருவருப்பு வந்தது. ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்திருந்தவர் யோனா மட்டும் இல்லை.

"தம்பி, அன்னைக்கு உன்னைய ஒரு வார்த்தை சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.

"ஞாபகம் இருக்கு சார்" என்றான். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "முதல் கடை நொடிச்சுப் போனப்ப, சார் அன்னைக்கே சொன்னாருல்லன்னு தோணுச்சு. அப்பா செத்ததுக்கு வந்து சேர முடியாம போனப்பவும் தோணுச்சு. இப்பவும் எப்பவாச்சும் தோணும் சார்." டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். "என்கிட்ட வேலை பாக்குற பசங்களக் கோவத்துல என்னென்னமோ திட்டுவேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்றதில்ல சார்."

நான் கை கூப்பினேன். அவன் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டான். "கல்யாணத்துக்கு வந்து முன்னால உக்காருங்க சார். அது போதும்." போய் உட்கார்ந்தேன். பிள்ளைக்கு நான்தான் முதல் அட்சதை போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.

என் தீர்ப்பு பலிக்காமல் போனது கடவுள் எனக்குச் செய்த இரக்கம். அவனுக்குச் செய்ததைவிட எனக்குச் செய்ததுதான் பெரிது என்று நினைக்கிறேன். ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேல் வாத்தியாராக இருந்தேன். இதே வார்த்தையை இன்னும் எத்தனை பேரிடம் சொன்னேனோ, கணக்கு இல்லை. எல்லோரும் பத்திரிகையோடு வந்து நிற்கவில்லை. அவர்களில் யாராவது இதை வாசித்தால், நான் அன்றைக்குச் சொன்னது பொய். நான் எந்தத் தீர்க்கதரிசியும் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

மாப்ளே, உனக்கு என் பதில் இதுதான். அடுத்த தடவை ஒரு தேசத்தின் மேல் தேவகோபம் என்று யாராவது அனுப்பினால் ஒன்றை மட்டும் பார். சொல்கிறவர் எங்கே நின்று சொல்கிறார்? அந்த ஊர் தப்பிக்க வேண்டும் என்று தவித்துச் சொல்கிறாரா, அழிய வேண்டும் என்று காத்திருக்கிறாரா? படத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு வலது கை எது, இடது கை எது என்று தெரிந்திருக்குமா? அதற்குப் பிறகும் ஆமென் போடத் தோன்றினால் போடு.

கடைசியாக, தீப்பெட்டி ஒட்டிய கையோடு எழுந்து நின்று கேள்வி கேட்ட பிள்ளைக்கு. அம்மா, உனக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். பேரன் பேத்திகூட இருக்கலாம். நீ கேட்டது பாடத்தில் இல்லாத கேள்வி இல்லை. பாடமே அதுதான். உனக்கு நாற்பது வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிறேன்.

இல்லை அம்மா. அந்தப் பிள்ளைகள் ஒரு பாவமும் செய்யவில்லை.

எழுந்து நின்று கேட்டதற்கு நன்றி.

அன்புடன்,
உங்கள் சார்